அம்மாவின் கண்ணும் மிட்வைஃபின் கருவியும்

என் மகள் பிறந்து நாலாம் நாள். நவம்பர் மாதம். லண்டனில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். வீட்டில் எந்நேரமும் மஞ்சள் குமிழ்தான் எரிந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்த அம்மா, அன்று மத்தியானம் பிள்ளையை யன்னலடிக்குத் தூக்கிக்கொண்டு போய், கண்ணை விரித்துப் பார்த்தார்.

"பிள்ளை, இவளின்ர முழியைப் பார். மஞ்சளாக் கிடக்கு."

"அம்மா, அது எங்கட நிறம். சும்மா பயப்பிடுத்தாதையுங்கோ."

"நான் மூண்டு பிள்ளை வளர்த்தனான். எனக்கு நிறம் தெரியாதே?"

எனக்குக் கோபம் வந்தது. முதல் நாள்தான் மிட்வைஃப் தொலைபேசியில் பேசியிருந்தார். பால் குடிக்கிறாளா, நாப்பி நனைகிறதா என்று கேட்டுவிட்டு, "பிள்ளை நல்ல பிங்க் நிறமாக இருக்கிறாளா?" என்றும் கேட்டார். நானும் "ஓம்" என்றேன். யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், இவர் எவருமே பிங்க் நிறம் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னிடமா கேட்கப்படுகிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

அம்மா அதோடு விடவில்லை. காலை வெயிலில் பிடிப்போம், ரெண்டு சொட்டு சீனித்தண்ணி பருக்குவோம் என்றார். நான் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. அம்மா மௌனமாகக் குசினிக்குள் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் மிட்வைஃப் நேரில் வந்தார். பிள்ளை எழும்பாமல் தூங்கிக்கொண்டே இருந்தாள். பாலும் சரியாக இழுக்கவில்லை. ஒரு சின்னக் கருவியை நெற்றியில் வைத்து அளந்தார். முகம் மாறியது. அன்று பின்னேரமே வைத்தியசாலை. குதிக்காலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு என் மகள் கண்கட்டோடு நீல வெளிச்சத்தின் கீழ் கிடந்தாள். "நேற்றே வந்திருக்கலாம்" என்றார் டொக்டர். அவர் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்த "நேற்று" என்ற சொல் இன்றும் என்னைக் குத்துகிறது. நேற்று அம்மா சொன்னவர்.

இன்று மகளுக்கு ஒன்றுமில்லை, சுகமாக இருக்கிறாள். இருந்தாலும் எழுதவேண்டும் என்று தோன்றியது. புலம்பெயர்ந்த எங்கள் வீடுகளில் பிள்ளை பிறந்ததும் இரண்டு அணிகள் உருவாகிவிடுகின்றன. ஒரு பக்கம் ஊர் அனுபவம், மறுபக்கம் கையேடும் இணையமும். இரண்டும் மோதும்போது இடையில் கிடப்பது பிள்ளை.

மஞ்சளை யார் பார்ப்பது?

பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் வாரத்தில் மஞ்சள்காமாலை வருவது வழமை. ஊரில் செங்கமாரி என்போம். பழைய சிவப்பணுக்கள் உடையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதை வெளியேற்றப் பிள்ளையின் ஈரல் இன்னும் பழகியிருக்காது. இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கி, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாகவே போய்விடும். ஆனால் அளவு மிஞ்சினால் அது மூளையைத் தாக்கும். செவிப்புலன் போகலாம், நிரந்தர ஊனம் வரலாம். அதனால்தான் "எல்லாப் பிள்ளைக்கும் வாறதுதானே" என்று விட்டுவிட முடியாது.

இதில் எங்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மருத்துவப் புத்தகங்களில் உள்ள பல அடையாளங்கள் வெள்ளைத் தோலை வைத்து எழுதப்பட்டவை. பிறந்த நிமிடமே பிள்ளைக்குப் புள்ளி போடும் அப்கார் முறை 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவானது. அதில் நிறத்துக்கான முழுப்புள்ளி, உடல் முழுக்க "பிங்க்" ஆக இருந்தால்தான். 2023இல் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையோடு இணைந்த இனமும் சுகாதாரமும் தொடர்பான ஆய்வு மையம் ஒரு அறிக்கை வெளியிட்டது. அப்கார், மஞ்சள்காமாலை, உடல் நீலம்பாய்தல் ஆகியவற்றைத் தோல் நிறம் பார்த்துக் கணிப்பது, கறுப்பு மற்றும் ஆசியப் பிள்ளைகளில் நம்பத்தகுந்ததல்ல என்று அது சொன்னது. நான் சொன்ன "ஓம்" ஏன் பிழைத்தது என்று அதை வாசித்தபோதுதான் விளங்கியது.

அப்படியானால் எங்கே பார்ப்பது? அம்மா பார்த்த இடத்தில்தான். பகல் வெளிச்சத்தில், யன்னலடியில், கண்ணின் வெள்ளையில். பிறகு வாயைத் திறந்து முரசில். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும். நெற்றியையோ மூக்கு நுனியையோ விரலால் மெல்ல அழுத்தி எடுத்தால் அந்த இடம் ஒரு கணம் வெளிறும். அப்போது அடியில் மஞ்சள் தெரிகிறதா என்று பாருங்கள். மஞ்சள் குமிழ் வெளிச்சத்தில் எதுவும் தெரியாது.

பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் உடனே வைத்தியசாலை. பின்னர் தெரிந்தால் அன்றைக்கே மிட்வைஃபுக்கோ டொக்டருக்கோ அறிவியுங்கள். பிள்ளை எழும்பாமல் தூங்கினாலோ பால் குடிக்க மறுத்தாலோ அவசரம். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தால் காத்திருக்காதீர்கள். மலம் சுண்ணாம்பு மாதிரி வெளிறி, சலம் கடும் மஞ்சளாகப் போனால் அது பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான சத்திரசிகிச்சையை முதல் இரண்டு மாதத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம். நாப்பியைப் பார்த்துவிட்டு எறிவது அருவருப்பான வேலையல்ல, வைத்தியம்.

அம்மாவின் வெயில்

வைத்தியசாலையில் அந்த நீல வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இதைத்தானே நானும் சொன்னனான், வெயிலில பிடிப்பம் எண்டு" என்றார். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு தேடி வாசித்ததில் அம்மா சொன்னதில் பாதி உண்மை என்று தெரிந்தது.

1950களில், லண்டனுக்குப் பக்கத்தில் எசெக்ஸ் மாவட்டத்தில் ரொச்ஃபோர்ட் என்ற ஊர் வைத்தியசாலை. அங்கே சிஸ்டர் வார்ட் என்ற தாதி, குறைமாதப் பிள்ளைகளை நல்ல வெயில் நாட்களில் முற்றத்துக்குக் கொண்டுபோவார். ஒருநாள் ஒரு பிள்ளையைக் காட்டினார். உடல் வெளிறியிருந்தது, ஒரு மூலையில் மட்டும் முக்கோணமாகக் கடும் மஞ்சள். துணி மூடியிருந்த இடம் அது. வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் போய்விட்டது. அந்தத் தாதியின் கண்ணிலிருந்துதான் 1958இல் ஒளிச்சிகிச்சை பற்றிய முதல் ஆய்வுக் கட்டுரை பிறந்தது.

ஆனால் வெயிலில் எவ்வளவு ஒளி கிடைத்தது என்று அளக்க முடியாது. பிள்ளையை உடுப்பில்லாமல் வைத்தால் குளிரும், வெயிலில் தோல் எரியும். நவம்பர் லண்டனில் வெயிலும் இல்லை. வைத்தியசாலை விளக்கு அளந்து கொடுக்கப்படும் வெளிச்சம், இரத்தம் எடுத்துச் சரிபார்க்கப்படும் வெளிச்சம். ஆகவே வெயிலை மருந்தாக நம்பி வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அம்மா கண்டுபிடித்தது சரி. வைத்தியம்தான் வீட்டில் முடியாதது. நோயை முதலில் காண்பது வீட்டின் வேலை. அளந்து தீர்ப்பது வைத்தியசாலையின் வேலை. எங்களுக்கு இரண்டும் வேண்டும்.

எதை விடுவது?

அந்த இரண்டு நாளுக்குப் பிறகு நானும் அம்மாவும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். அம்மா எதைச் சொன்னாலும் நான் முதலில் கேட்பேன். நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதைக் காரணத்தோடு சொல்வேன். "இங்க உப்பிடிச் செய்யிறேல்ல" என்பது காரணம் அல்ல. அதைச் சொன்னால் எந்தத் தாய்க்கும் மனம் நோகும்.

சீனித்தண்ணி, ஓமத்தண்ணி, சும்மா தண்ணி எதுவும் முதல் ஆறு மாதம் வேண்டாம். பிள்ளையின் வயிறு சின்னது. தண்ணி நிரம்பினால் பால் குறையும், இரத்தத்தில் உப்பின் அளவும் குழம்பும். தாய்ப்பாலிலேயே தேவையான தண்ணி இருக்கிறது. மஞ்சள்காமாலைக்கும் பால்தான் மருந்து. அடிக்கடி குடித்தால்தான் பிலிரூபின் மலத்தோடு போகும்.

தேன் ஒரு வயது வரை நாக்கில் தொட்டுக்கூட வைக்க வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி விதை பெரியவர்களை ஒன்றும் செய்யாது. பிள்ளையின் குடலில் அது முளைத்து நஞ்சு சுரந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

வசம்பைப் 'பிள்ளை வளர்ப்பான்' என்பார்கள். ஆனால் அதில் உள்ள அசரோன் என்ற பொருள் காரணமாக அமெரிக்கா 1968இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை செய்தது. சுட்டு உரைத்து நாக்கில் தடவுவதை விடுவோம். கையில் கட்டும் வசம்பு வளையமும் வாய்க்குள் போனால் மூச்சடைக்கும்.

கண்மையில் ஈயம் இருக்கலாம். பிள்ளை கண்ணைக் கசக்கி, அந்தக் கையை வாயில் வைக்கும். கண்ணூறு கழிக்க வேண்டுமென்றால் பிள்ளையில் எதையும் பூசாமல் கழிக்க வேறு வழிகள் எங்கள் வீடுகளில் உண்டுதானே.

குளிக்க வார்த்தபின் மூக்குக்குள் ஊதுவதும், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும் வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். தொப்புள் கொடியில் சாம்பலோ எண்ணெயோ மஞ்சளோ பூசவேண்டாம். காய்ந்திருந்தால் தானாகவே விழும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பெட்டியில் பத்திரப்படுத்திய பழைய பிள்ளை உடுப்புகளில் அந்துருண்டை போட்டு வைத்திருப்போம். எங்கள் சமூகத்திலும் சில பிள்ளைகளுக்கு ஜி6பிடி என்ற நொதியம் பிறப்பிலேயே குறைவு. அந்தப் பிள்ளைகளுக்கு நாப்தலின் மணமே சிவப்பணுக்களை உடைத்து, மஞ்சள்காமாலையைக் கடுமையாக்கிவிடும். பிள்ளை வீட்டுக்கு வருமுன் அந்த உருண்டைகளை எறிந்துவிட்டு, உடுப்புகளை நன்றாகத் தோய்த்து காற்றில் உலர்த்துங்கள்.

கிரைப் வோட்டரை நாங்கள் ஊர் மருந்து என்று நினைக்கிறோம். உண்மையில் அது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிறந்து ஊருக்கு வந்தது. பழைய தயாரிப்பில் மதுசாரம் இருந்தது. இப்போது எடுத்துவிட்டார்கள், ஆனாலும் அது அழுகையைத் தீர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. பிள்ளையின் அழுகை ஆறாவது வாரமளவில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் தானாகத் தணியும். பொறுமை எல்லை கடந்தால் பிள்ளையைத் தொட்டிலில் பத்திரமாக வளர்த்திவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள். ஒருபோதும் குலுக்காதீர்கள்.

எதைக் காப்பாற்றுவது?

பட்டியலைப் பார்த்தால் அம்மாவின் கைவசம் இருந்த எல்லாவற்றையும் பறித்துவிட்டேன் போலத் தோன்றும். அப்படியில்லை.

பிள்ளை பிறந்தால் 31 நாள் துடக்கு. அதற்குள் வெளியார் வந்து போக மாட்டார்கள். தீட்டு என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த ஒரு மாத இடைவெளி பிள்ளைக்குப் பெரிய பாதுகாப்பு. இங்கேயோ மூன்றாம் நாளே மண்டபம் பிடிக்காத குறையாக ஆட்கள் வந்து கன்னத்தில் கொஞ்சுகிறார்கள். 2024இல் இங்கிலாந்தில் கக்குவான் இருமல் பரவியபோது, தடுப்பூசி வயதுக்கு வராத பச்சைப் பிள்ளைகள் இறந்தார்கள். உதட்டுப் புண் உள்ள ஒருவர் கொஞ்சுவதால் வரும் ஹெர்பிஸ் கிருமியும் பிள்ளையின் உயிரை எடுக்கும். "பிள்ளைக்கு ஊசி போட்டபிறகு வாங்கோ" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கர்ப்பத்திலேயே தாய் கக்குவான் ஊசியும் ஆர்எஸ்வி ஊசியும் போட்டால் பிள்ளைக்கு முதல் மாதங்களில் கவசம் கிடைக்கும்.

பிள்ளையைத் தனி அறையில் போடாமல் பக்கத்தில் வைத்துப் படுப்பது எங்கள் பழக்கம். வெள்ளைக்கார நண்பர்கள் சிரித்திருக்கக்கூடும். இன்று மருத்துவமே முதல் ஆறு மாதம் பெற்றோரின் அறையிலேயே படுக்கவை என்கிறது. பிரித்தானியாவில் தெற்காசியக் குடும்பங்களில் தொட்டில் மரணம் குறைவு என்பது பல காலமாகப் பதிவான விடயம். புகைக்காத தாய்மார், தாய்ப்பால், ஒரே அறை எல்லாம் இதில் சேர்கின்றன. ஆனால் ஏணை, தூளி, தலை வட்டமாக வருவதற்கான சின்னத் தலையணை, கனத்த போர்வை எல்லாவற்றையும் படுக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். தட்டையான, இறுக்கமான மெத்தையில் மல்லாக்காக வளர்த்துங்கள். 1991இல் இந்த அறிவுரையைப் பிரித்தானியா பரப்பத் தொடங்கியதும் தொட்டில் மரணங்கள் பெருமளவு குறைந்தன. அறை 16 முதல் 20 பாகை இருந்தால் போதும். குளிருக்குப் பயந்து தொப்பியோடு தூங்கவைக்க வேண்டாம்.

எண்ணெய் தடவி, கைகால் நீட்டிப் பிடித்து விடுவது நல்லது. மெதுவாக, மூக்கு காது தவிர்த்து. பத்தியக் கறி, சுடுதண்ணி வார்ப்பு, "நீ படு, நான் பார்க்கிறன்" என்ற சொல் எல்லாம் தாய்க்கு மருந்து. பிள்ளை பெற்றவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள். தனிக் குடித்தனமாக இருக்கும் எங்கள் பெண்களுக்கு அந்தச் சொல்லைச் சொல்ல ஆள் இல்லை. அப்பாமார் சொல்லலாம்.

காத்திருக்கக் கூடாதவை

மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் என்றால், அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போதாது, வெப்பமானியால் அளவுங்கள். பனடோல் கொடுத்துப் பார்ப்போம், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். இரவானாலும் போங்கள். உடல் குளிர்ந்து 36க்குக் கீழே இறங்கினாலும் அப்படித்தான்.

மூச்சு விடும்போது முனகல், விலா உள்ளே இழுத்தல், பச்சை நிற வாந்தி, துவண்டு போதல், பால் மறுத்தல், 12 மணி நேரமாக நாப்பி நனையாமை, உச்சிக்குழி உட்குழிதல் அல்லது புடைத்தல், வலிப்பு. இவற்றில் எதுவும் பொறுத்துப் பார்க்கும் விடயம் அல்ல. நீலம் பாய்ந்ததா என்று எங்கள் பிள்ளைகளில் தோலைப் பார்க்காதீர்கள். உதடு, நாக்கு, முரசு, உள்ளங்கை பாருங்கள். சந்தேகம் என்றால் பிரித்தானியாவில் 111, கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில் 811, ஜெர்மனியில் 116117. பிள்ளை மூச்செடுக்கக் கஷ்டப்பட்டால், நிறம் மாறினால், எழுப்பியும் எழும்பாவிட்டால் நேரே அம்புலன்ஸ்.

கேட்டு வாங்குங்கள்

சில விடயங்களை நாங்களாகக் கேட்டால்தான் கிடைக்கும். எங்கள் பிள்ளைகளின் இடுப்பிலும் பிட்டத்திலும் நீலச் சாம்பல் நிறத்தில் மறு இருப்பது சகஜம். பார்ப்பவருக்கு அடித்த காயம் போலத் தெரியும். பிறந்ததுமே அதைப் பிள்ளையின் பதிவுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பின்னர் பராமரிப்பு நிலையத்தில் தேவையில்லாத விசாரணைக்கு ஆளாகலாம்.

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குப் பிறந்த நாள் முதல் விட்டமின் டி சொட்டு வேண்டும். பிரித்தானியாவில் நாளுக்கு 8.5 முதல் 10 மைக்ரோகிராம், கனடாவில் 10. வெயில் குறைந்த நாடும் கறுத்த தோலும் சேர்ந்தால் எலும்பு வளைய இடம் இருக்கிறது. பிரித்தானியாவில் தாய் தந்தையரோ பேரன் பேத்தியோ காசநோய் அதிகமுள்ள நாட்டில் பிறந்திருந்தால் பிள்ளைக்கு பிசிஜி ஊசி உண்டு. இலங்கையும் இந்தியாவும் அந்த வகை. கடிதம் வரவில்லையென்றால் கேளுங்கள். எட்டாம் வாரத்து ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டும் ஆசை இருந்தால், ஊசிகளுக்குப் பிறகு பயணச்சீட்டு எடுங்கள்.

மொழி தெரியாத அம்மா அப்பாவுக்கு இலவசமாக மொழிபெயர்ப்பாளர் கேட்கும் உரிமையும் உண்டு. அதைவிட முக்கியமாக, மிட்வைஃப் வரும்போது அம்மம்மாவை அறைக்குள் போகச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருத்துங்கள். ஊரில் பிள்ளை பெற்றபோது அம்மாவின் வீட்டுக்கும் மருத்துவமாது சைக்கிளில் வந்து பிள்ளையை நிறுத்துப் போனவர்தான். அளவும் பதிவும் அம்மாவுக்குப் புதிதில்லை. அந்நியமானது நான் அவரிடம் பேசிய தொனிதான்.

இரண்டாவது கிழமை மிட்வைஃப் கடைசித் தடவையாக வந்தபோது, மகள் நிறை கூடியிருந்தாள். எல்லாம் எழுதி முடித்துவிட்டு, "வேறு ஏதும் கவலை இருக்கிறதா?" என்று என்னைக் கேட்டார். நான் அம்மாவின் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்கள் ஏதும் கண்டனீங்களோ?" என்றேன்.

அம்மா எழும்பிப் போய் பிள்ளையை யன்னலடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். கண்ணை விரித்துப் பார்த்தார். முரசைப் பார்த்தார். பிறகுதான் தலையாட்டினார்.

"இல்லைப் பிள்ளை. இப்ப வெள்ளையாக் கிடக்கு."